எங்களில் யாரும் பிளேன் ஏறவில்லை

மலையகத்து லிந்துலையில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் ஐந்து பேர், விடுமுறைக்குத் திருகோணமலை போய் இரண்டு நாள் முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டி ஆழ்கடலில் மூழ்கி மீன் பார்த்தோம். கிளம்புகிற அன்று காலையிலும் மூழ்கினோம்.

கரைக்கு வந்ததும் பயிற்சியாளர், "நாளைக்குள்ள யாராவது பிளேன்ல போறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எல்லோருக்குமாக நான்தான் முந்திக்கொண்டேன். "பாஸ்போர்ட்டே இல்லாத ஆளுங்க நாங்க!"

சிரித்துக்கொண்டே வேனில் ஏறினோம்.

றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் மேரி டீச்சர், "முட்டியெல்லாம் குத்துதுங்க, காலு மரத்துப்போச்சு" என்றார். குளிர்தான் என்று தைலம் தேய்த்துவிட்டேன். வேன் இன்னும் மேலே ஏறியது. நானுஓயாவில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது அவரால் நிற்கவே முடியவில்லை.

ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று, உடனே உயரத்துக்குப் போனால் குமிழ் குமிழாகி நரம்பைத் தாக்குமாம். "பிளேனும் மலையும் ஒன்னுதான்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மேரி டீச்சர் இன்றும் தடியூன்றித்தான் வகுப்புக்கு வருகிறார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடலுக்குப் போகிற நம்மவர்களைக் கண்டால் இப்போது வழிமறித்துச் சொல்கிறேன்: "கடைசி நாள் தண்ணியில இறங்காதீங்க. வீடு மலையில இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. பழக்குறவங்க பிளேனைத்தான் கேட்பாங்க, மலையைக் கேட்க மாட்டாங்க."