எட்டடி வீடு

"ஏழடி ஆவாது" என்றார் என் மாமியார். வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் பின்தொட்டியைக் கயிறு பிடித்து அளந்துவிட்டுச் சொன்னார். "ஏழடி வூட்ல படுத்தா தரித்திரம் புடிக்கும். ஒண்ணு ஆறு வையி, இல்ல எட்டு வையி." ஆறடியில் என் கணவரால் காலை நீட்டிப் படுக்க முடியாது, எங்கள் தெருவிலேயே உயரமான ஆள் அவர். ஆகவே எட்டு என்று முடிவானது. வண்டித் தொட்டியின் நீளமோ ஏழடிதான்.

இது நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சந்தவாசலில் எங்கள் வீடு. கணவர் ஜவ்வாது மலை ஊர்களுக்கு உப்பு, மண்ணெண்ணெய், சோப்பு, கருவாடு கொண்டுபோய் விற்பார். திரும்பும்போது புளியும் சாமையும் கடுக்காயும் ஏற்றிவந்து போளூரில் போடுவார். வண்டி ஏலத்தில் எடுத்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த இரும்புத் தொட்டி. மலையில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே பாதை இருந்த லட்சணத்தில் தினமும் ஏறி இறங்க முடியாது. அதனால் வாரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே தங்கிவிடுவார். மூட்டைகளின் மேல் படுத்துத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மழை பெய்தால் உப்பு கரையும். பனி விழுந்தால் அவர் இருமுவார்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவர் எனக்கு விருந்தாளி மாதிரிதான் இருந்தார். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். விழித்ததும் மூட்டை இறக்கப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் எதில்தான் ஒத்துப்போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ரசத்துக்கு எவ்வளவு புளி, கோழியை எத்தனை மணிக்கு அடைப்பது, ஈரத்துணியை எந்தக் கொடியில் போடுவது, எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினோம். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. அவருக்கும் கிடையாது. ஒருநாள் கணவரிடம் கேட்டேவிட்டேன்.

"நான் உங்களக் கட்டிக்கினு வந்தேனா, உங்க அம்மாவக் கட்டிக்கினு வந்தேனா?"

அவர் உடனே பதில் சொல்லும் ஆளில்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "வண்டி மேல ஒரு கூண்டு கட்டிட்டா நீயும் வரலாம்." கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. கூண்டு வண்டி என்றால் மாட்டு வண்டியைத்தான் எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் வண்டிக்குக் கூண்டு கட்டி அதில் குடும்பம் நடத்தியவர்களை நாங்கள் பார்த்ததில்லை.

மாமியார் ஒரே பேச்சில் மறித்தார். "ரோட்டுல படுக்க வெக்கிறதுக்கா பொண்ணு எடுத்தோம்? நாளைக்கு அவங்க அம்மா வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? வூடுன்னா கூட்டிக்கினு போ. வண்டின்னா அவ வரமாட்டா."

"வூடு மாதிரியே கட்டிடலாம்மா."

"மாதிரி இல்ல. வூடு."

அப்படித்தான் அந்தக் கூண்டு வீடானது. வீடென்றால் மனையடிக் கணக்கு பார்க்க வேண்டும், அதில்தான் ஏழடி தரித்திரம் என்று வந்து நின்றது. வீடென்றால் வாசல்நிலை வைக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும். மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் சரி சரி என்று தலையாட்டினேன். எதற்கும் மறுப்பு சொல்லாமல் நான் தலையாட்டியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

பக்கத்துத் தெரு ஆசாரி அதுவரை வீட்டு வேலை தவிர வேறு செய்ததில்லை. வண்டியைச் சுற்றி வந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "வாசல் எந்தத் தெசை?" கணவர் என்னைப் பார்த்தார். "வண்டி எந்தப் பக்கம் திரும்புதோ அதுக்கு நேர் எதிர்" என்றேன். ஆசாரி சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தும்போதாவது கூண்டின் வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் உளியை எடுத்தார்.

தொட்டியின் இரண்டு விளிம்பிலும் வேங்கைமரச் சட்டத்தைப் படுக்கவைத்து, அதில் துளையிட்டு இரும்புத் தொட்டியோடு போல்ட் போட்டு முடுக்கினார். சட்டத்தின் மேல் கால்கள், கால்களுக்குக் குறுக்கே வளைவாக விட்டம், அதன்மேல் தகரம், தகரத்தின் மேல் தார்ப்பாய். மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கப் பழைய லாரி டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்து ஆணி அடித்தோம். அந்த டியூபை வெட்டியது நான்தான், கத்திரிக்கோல் அதோடு ஒழிந்தது. ஏழடிக்கு மேல் வேண்டிய ஓரடிக்காக அடிச்சட்டங்களைத் தொட்டிக்கு வெளியே பின்பக்கம் நீட்டிவிட்டார். அந்த நீட்டலின் கடைசியில், வீட்டுக்கு வைப்பது போலவே கனமான நிலையும் ஒற்றைக் கதவும் நின்றன.

உள்ளே சாமான் வைக்கிற ஏற்பாடு முழுக்க என்னுடையது. படுக்கிற பலகைக்கு அடியில் மூன்று அறை, மேலே தூக்கித் திறக்கிற மூடி. உப்புக்குத் தனி அறை, அதற்கு மட்டும் உள்ளே மரப்பலகை அடித்தோம். உப்பு ஈரம் இழுத்தால் இரும்பைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய் டின்னை உள்ளே வைத்தால் சாமை அரிசியில் வாசனை ஏறும் என்பதால் அதற்கு வெளிப்பக்கம் ஒரு பெட்டி. அதிகப்படியாகக் கிடைத்த அந்த ஓரடியில் ஸ்டவ், இரண்டு பாத்திரம், அஞ்சறைப் பெட்டி. கூரை விட்டத்தில் துணி மாட்ட நாலு கொக்கி. வேலை முடிந்த சாயங்காலம் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். புது மரத்தின் வாசனையும் டியூப் நாற்றமும் சேர்ந்து வந்தது. என் வீடு என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்.

நல்ல நாள் பார்த்து நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, அந்த ஸ்டவ்விலேயே பால் காய்ச்சினோம். தெருப்பெண்கள் குனிந்து குனிந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லாத வீட்டுக்குப் பால் காய்ச்சியதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மாமியார் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கிளம்பினோம். மலையடி தாண்டும்வரை எனக்குப் பேச்சு ஓயவில்லை. ஜமுனாமரத்தூர் போகிற பாதையில் ஒரு வளைவு உண்டு. எந்தப் பெரிய வண்டியும் அதில் ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் போய், பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் போக வேண்டும். கணவர் எத்தனையோ தடவை செய்ததுதான். அன்று பின்னால் எடுத்தபோது மடாரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் என் வாசல்நிலை பாறையில் முட்டி நிற்கிறது. முன்பக்கம் இன்னும் பாதிகூடத் திரும்பவில்லை. அந்த ஓரடி நீட்டல்தான் காரணம். இன்னொரு தடவை எடுத்தார், இன்னொரு தடவை முட்டியது.

அதற்குள் கீழேயிருந்து பஸ் வந்து பின்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி நிதானமாகப் பார்த்தார். "இன்னாங்க, வூட்டையே தூக்கிக்கினு கெளம்பிட்டீங்களா?" பஸ் மொத்தமும் சிரித்தது. எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போல இருந்தது. முட்டியதில் உருண்டு விழுந்த அஞ்சறைப் பெட்டிதான் கையில் இருந்தது.

கணவர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "கீழ எறங்கிடலாம். கூண்டக் கழட்டி வூட்ல வெச்சிட்டு நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"என்னையும் கழட்டி வெச்சிட்டுத்தானே?"

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுவதைவிட வேறு எதுவும் மேல் என்று தோன்றியது. பாதையில் மரக்கிளை விழுந்தால் அறுக்க வண்டியில் எப்போதும் ஒரு ரம்பம் இருக்கும். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அந்த ஓரடிய அறுத்துடுங்க."

"அம்மா ஏழடி ஆவாதுன்னு சொல்லிக்கீது."

"தரித்திரம் வந்தா ரெண்டு பேருக்கும்தானே வரும்? அறுங்க."

அவர் அறுக்க ஆரம்பித்தார். கை ஓய்ந்தபோது நான் வாங்கி அறுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், சிரித்தவர்களும்தான். மலைக்காரப் பெண்கள் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டு நிலை கீழே விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். கண்டக்டர் தகரத்தை மடக்கிக் கொடுத்தார். முந்தின நாள் மஞ்சள் பூசிய நிலையைக் கூரைமேல் போட்டுக் கட்டினோம். வாசல் இருந்த இடத்தில் தார்ப்பாய்த் துண்டைத் திரையாகத் தொங்கவிட்டோம். அதன்பிறகு வண்டி எப்போதும்போலத் திரும்பியது. பஸ் எங்களை முந்திப் போகும்போது டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார்.

அந்த வாரத்தைப் பற்றி என்ன சொல்ல. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வோர் ஊரிலும் புளியமரத்தடியில் வண்டி நிற்கும். அவர் உப்பு அளப்பார், நான் சோப்பும் தீப்பெட்டியும் எடுத்துக் கொடுப்பேன். சாமான் வாங்க வந்தவர்கள் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு வைக்கிற ஓரடி போய்விட்டதால் வெளியே கல் கூட்டிச் சமைத்தேன். அஞ்சறைப் பெட்டி என் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. கணவர் வாய் ஓயாமல் பேசுகிற ஆள் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். கீழே வந்தால் அவருக்குப் பேச நேரம் இருந்ததில்லை. காலையில் தகரத்தின் மேல் பனி சொட்டுகிற சத்தத்தில் கண் விழித்தால் பக்கத்தில் அவர் இருந்தார். மூன்று வருஷத்தில் அது எனக்குப் பழக்கமே இல்லாத விஷயம்.

இறங்கி வரும்போது மாமியாரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூரைமேல் நிலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற வண்டியை மாமியார் பார்த்தார். பின்னால் போய் அறுபட்ட மரத்தைக் கையால் தடவினார். "ஏழடி ஆயிடுச்சி அத்தை. மலையிலியே அறுத்துட்டோம்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். உள்ளே போய்ச் சோறு எடுத்து வைத்தார்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். கணவர் போளூருக்குப் போயிருந்தார். மாமியார் தலை நிமிராமல் சொன்னார்.

"எட்டடி அந்த வளவுல திரும்பாதுன்னு எனக்குத் தெரியும்."

நான் கையை நிறுத்தினேன்.

"உங்க மாமனார் அந்த வழியாத்தான் மூங்கில் வண்டி ஓட்டுனாரு. நீட்டமா ஏத்திக்கினா பாறையில முட்டிக்கும். எறக்கி வெச்சி, வண்டியத் திருப்பி, மறுபடி ஏத்துவோம். நானும் கூடப் போயிக்கீறேன்."

"தெரிஞ்சுமா எட்டு வெக்கச் சொன்னீங்க?"

"முட்டுனா திரும்பி வந்துடுவீங்கன்னு நெனச்சேன். நீ ரம்பத்த எடுப்பேன்னு நெனக்கல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்திலும் ஒன்று கேட்கத் தோன்றியது. "அப்ப தரித்திரம்னு சொன்னது பொய்யா?"

"அது நெசந்தான். ஆனா நான் அதுக்காவச் சொல்லல." புளியங்கொட்டையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "நீயும் போய்ட்டா நான் யார்கூட சண்ட போடறது?" என்றார். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்கு நான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மறுபடி புளியைத் தட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த தடவை வண்டி கிளம்பியபோது நான் ஏறிக்கொண்டேன். மாமியாரும் தடுக்கவில்லை. பின்பக்கம் வந்து, தார்ப்பாய்த் திரையை இழுத்துக் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டார்.

"வியாழக்கெழமைக்கு வந்துடுவ இல்ல?"

இந்தக் கேள்வியை அதுவரை அவர் மகனிடம் மட்டும்தான் கேட்டிருந்தார். "வந்துடறேன் அத்தை" என்றேன்.