முப்பத்தெட்டு வேன்களும் ஒரு கார்டும்

பிரேமலா ஒன்பது வருடம் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவள். விடியுமுன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மழையில் நனைந்து, குடிநுழைவு வரிசையில் வண்டிப் புகையைக் குடித்து, தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதித்துவிட்டு வீடு திரும்பும்போது மகள் ஷாமளா தூங்கியிருப்பாள். இப்படியே அந்தக் குழந்தை தொடக்கப் பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்கும் போய்விட்டது. அம்மாவை அது பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அந்த ஓட்டத்திலிருந்து அவளை இறக்கிவிட்டது லாலுவான் என்ற கம்பெனி. ஜொகூர் பாருவில், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ரூபேந்திரன் என்ற இளைஞன் தொடங்கியது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு எழுதத் தெரியும், விற்கத் தெரியாது. கார்டில் பணம் வாங்குவது, அந்தந்த நாட்டுக்கு வரி கட்டுவது, ரசீது அனுப்புவது, பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவரைச் சமாதானப்படுத்துவது என்று அத்தனை தலைவலியையும் லாலுவான் வாங்கிக்கொள்ளும். நூறு மலேசிய வெள்ளிக்கு விற்றால் ஐந்து வெள்ளி அதற்கு. பிரேமலா சேர்ந்தபோது பதினொரு மென்பொருள்காரர்கள்தான் இருந்தார்கள். மூன்றே வருடத்தில் நானூறு பேர். உதிரிபாகக் கடைக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போக, கீழ்த்தளமும் லாலுவானுக்கே வந்தது.

கணினி எந்த விற்பனையைச் சந்தேகப்படுகிறதோ அதைப் பார்த்து, விடலாம், வேண்டாம் என்று சொல்வது பிரேமலாவின் வேலை. சில்லு சோதித்த கண்ணுக்கு அது கைவந்த கலை. ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள். "நீங்க வீட்ல இருக்கிறது புதுசா இருக்கும்மா," என்று ஷாமளா முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வளர்ந்தால் திருடனுக்கும் முகவரி தெரிந்துவிடுகிறது. நவம்பரில் யாரோ திருட்டுக் கார்டுகளில் ஐம்பது மென்பொருள் வாங்கினார்கள். அத்தனைக்கும் 'விடலாம்' என்று சொன்னவள் பிரேமலா. கார்டுக்குச் சொந்தக்காரர்கள் புகார் செய்ய, இன்னொரு முறை இப்படி நடந்தால் லாலுவானுக்குக் கார்டு வசதியே கிடையாது என்று வங்கி கடிதம் அனுப்பிவிட்டது. ரூபேந்திரன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தா உங்கள அனுப்புறத விட்டா எனக்கு வேற வழியில்லக்கா. இங்க அறுபது பேரு சாப்பிடுறாங்க," என்றான்.

ஜனவரியில், பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது, திரையில் சிவப்பு எச்சரிக்கை விழுந்தது. ஒரே கார்டு. ஒரு மணி நேரத்துக்குள் முப்பத்தெட்டு முறை ஒரே மென்பொருள், முப்பத்தெட்டு வெவ்வேறு பெயர்களில். மெர்சிங்கில் ஷஹீரா என்ற பெண் பள்ளி வேன் ஓட்டுநர்களுக்காக எழுதியது அது. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் ஏறும், யார் இன்று வரவில்லை என்று கைப்பேசியில் காட்டும். கார்டுக்காரர் கோத்தா திங்கி ஊரைச் சேர்ந்த ஜெயபாலன்.

இந்தத் தடவை ஒழுங்காக விசாரித்துவிட வேண்டும் என்று பிரேமலா அவரையே அழைத்தாள்.

"வணக்கம், லாலுவான்லேருந்து பேசுறேன். இன்னிக்குக் காலையில உங்க கார்டுல முப்பத்தெட்டு தடவை, தலா தொண்ணூறு வெள்ளிக்கு வாங்கியிருக்கு. நீங்கதான் வாங்கினீங்களா?"

"நான் ஒண்ணும் வாங்கல," என்று வைத்துவிட்டார் மனிதர்.

ஒரு மணி நேரத்தில் வங்கியிலிருந்து முப்பத்தெட்டு மோசடிப் புகார்கள் வந்து விழுந்தன. பிரேமலா எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு ஷஹீராவுக்குத் தகவல் சொன்னாள்.

"அலமாக், ஐயோ, அவர் திருடன் இல்லக்கா," என்றாள் ஷஹீரா. "வேன் சங்கத் தலைவரு. எப்படி வாங்குறதுன்னு போன வாரம் என்கிட்டதான் கேட்டாரு. மத்தவங்ககிட்ட கார்டு கிடையாது, காச அவர் கையில குடுத்துட்டாங்க. மோசடிக்காரங்க கூப்பிட்டாங்கன்னு பயந்து பேங்க்ல சொல்லி, அவங்க எல்லாத்தையும் மோசடின்னு போட்டு கார்டையே பிளாக் பண்ணிட்டாங்களாம், சங்கத்துல சொன்னாங்க. இப்ப என் ஃபோனையும் எடுக்கல."

பிரேமலாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. போன வருடம் திருச்சிக்கு ஒன்பது பேருக்குத் தன் கார்டில்தான் விமான டிக்கெட் எடுத்தாள். அக்கம்பக்கத்தார் காசு கொடுத்தார்கள், அவள் கார்டைத் தேய்த்தாள். ஊரெல்லாம் செய்வதுதான். அந்தச் சாதாரண விஷயம் புத்திக்கு எட்டவில்லை. எட்டாததோடு, நல்ல மனிதரை மிரட்டிப் புகார் செய்யவும் வைத்தாகிவிட்டது.

சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு கோத்தா திங்கிக்குப் போனாள். ஷஹீரா சொன்ன திடலில் ஓட்டுநர்கள் வேன் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலன் குழாயை மூடிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபோன்ல ஏமாத்த முடியலன்னு நேர்லயே வந்துட்டீங்களா?"

அலுவலக அட்டையைக் காட்டினாள். "இதெல்லாம் யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம்லா," என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் அவள் முகத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அவமானத்தில் பிரேமலாவுக்குக் காது சுட்டது. இருந்தும் நகரவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு நம்பரும் வேணாம், ஒரு காசும் வேணாம். உங்க கார்டுக்குப் பின்னால பேங்க் ஃபோன் நம்பர் இருக்கும். நீங்களே அதுக்கு ஃபோன் அடிச்சு, வாங்கினது நான்தான்னு மட்டும் சொல்லுங்க. நான் கேக்கக்கூட மாட்டேன், அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

சொன்னபடியே திடலின் மறுமுனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். எதையும் கேட்காத மோசடிக்காரியை ஜெயபாலன் கேள்விப்பட்டதில்லை. யோசித்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் ஃபோன் அடித்தார். இருபது நிமிடம் கழித்து அவளைத் தேடி வந்தார்.

"சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள்ள சரி பண்றாங்களாம்." சற்றுத் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க அன்னிக்குச் சொன்ன தொகை சரி, எண்ணிக்கை சரி. எல்லாம் அவ்வளவு சரியா இருந்ததாலதான் பயந்துட்டேன்."

பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக வராத சிரிப்பு. யாரோ ஒரு கிளாஸ் ஐஸ் மைலோ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள், படம் பிடித்தவர்தான். அன்று மாலையே முப்பத்தெட்டு பேருக்கும் மென்பொருளைத் திறந்துவிட்டாள். வங்கியின் பதிலுக்குக் காத்திருந்தால் திங்கட்கிழமை பிள்ளைகள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

திங்களன்று நடந்ததை எல்லாம், தன் தவறையும் சேர்த்து, எழுதி ரூபேந்திரனிடம் கொடுத்தாள். 'எத்தனை பேருக்காக வாங்குகிறீர்கள்?' என்று வாங்கும் பக்கத்திலேயே கேட்டுவிடலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த ஒரு கேள்வியை நம்பிப் பின்னாளில் டாக்சி சங்கங்கள், டியூஷன் சென்டர்கள், மீனவர் கூட்டுறவுகள் என்று வரிசையாக வந்ததும், லாலுவான் இன்னொரு மாடி எடுத்ததும் வேறு விஷயம். அன்று ரூபேந்திரன் படித்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் ராத்திரி சாப்பிடவில்லை.

செவ்வாய் பகல் அவன் அவள் மேசைக்கு வந்தான். பிரேமலா எழுந்து நின்றாள்.

"முப்பத்தெட்டு புகாரையும் எடுத்துட்டாங்கக்கா. பேங்க்ல என்கிட்ட கேட்டாங்க, இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க என்ன சிஸ்டம் வச்சிருக்கீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னேன். உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க?"

பிரேமலா உட்கார்ந்து, திரையில் அடுத்துக் காத்திருந்த விற்பனையைத் திறந்தாள்.