புதன்கிழமை கோச்

நான் மலேசியாவின் தேசிய மகளிர் ரக்பி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை மட்டும், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. மழை வந்தால் அதுவும் இல்லை.

இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "அந்த முட்டை மாதிரி இருக்குமே, அந்தப் பந்தா?" என்றுதான். ஜொகூரில் ரெங்கம் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பந்து என்றால் உருண்டைதான். எங்கள் பள்ளியில் கால்பந்துக்கு ஓட முடியாதவர்களை ரக்பிக்குத் தள்ளினார்கள். அங்கேயும் ஓட முடியாதவர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிரணி எட்டுப் பேரோடு தலைகொடுத்து முட்டித் தள்ளுவது. பதினைந்து வருஷம் முட்டியதில் என் இடது காது கசங்கிய அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. முடிவெட்டுகிறவர் அந்தப் பக்கம் வரும்போது இன்றைக்கும் ஒரு நிமிஷம் கத்தரியை நிறுத்தி யோசிக்கிறார்.

ஆடுவதை நிறுத்திய பிறகு மாசாயில் குடியேறினேன். பாசிர் கூடாங்கில் ஒரு எண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். மோட்டார் சைக்கிளை எடுத்தால் நேராகத் திடல். அந்த வருஷங்களில் பெண்கள் அணியின் பயிற்சி முகாம் எங்கள் பக்கம் இருந்தது. முன்வரிசைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவரை நான் நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பேன். நாகூர்ப் பக்கத்து வம்சம். தம்பிமார் எல்லாரும் சாப்பாட்டுக் கடை வைக்க, இவர் மட்டும் ராணுவத்துக்குப் போய், அங்கே ரக்பி ஆடி, முழங்காலை உடைத்துக்கொண்டு, கோச் ஆனவர். வீராங்கனைகளிடம் மலாய் பேசுவார், என்னிடம் தமிழ். யாரையாவது ரகசியமாகத் திட்ட வேண்டுமென்றால் நான்தான் அவருக்குக் காது. ஒன்றரைக் காது.

அவருக்கு அறுபது நெருங்கியபோது மேலிடத்துக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. உங்களுக்குப் பிறகு யார், அவரை எப்படித் தயார் செய்யப்போகிறீர்கள், திட்டம் எழுதி அனுப்புங்கள் என்று. வேறு யாராவது முப்பது பக்கம் எழுதி, நடுவில் வண்ணப் படமும் போட்டிருப்பார்கள். நானா ஒரு வரி எழுதினார்: புதன்கிழமை எனக்கு வாய் கிடையாது.

திட்டம் அவ்வளவுதான். அவருக்கு உதவியாளர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, சபா மாநிலத்திலிருந்து வந்த முன்னாள் கேப்டன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒரு புதன் எனக்கு, அடுத்த புதன் அவளுக்கு. அன்றைக்கு நானா தன் விசிலைக் கழற்றி எங்களில் ஒருவர் கழுத்தில் மாட்டிவிட்டு, திடலோரத்து மரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு பாக்கெட் தே-ஓ, பால் விடாத தேநீர். மடியில் பள்ளிக்கூட நோட்டு. ஸ்க்ரம் கவிழ்ந்தாலும் சரி, கோல்கம்பம் கவிழ்ந்தாலும் சரி, வாயைத் திறக்க மாட்டார். இரண்டு வருஷம் இப்படி. முடிவில் ஒரு பெயரைச் சொல்வார்.

அந்தப் பெயர் என் பெயராக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை வெளியே சொன்னதில்லை. கேலி பேசுகிறவனுக்கு அதுதான் கஷ்டம். எதை ஆசைப்பட்டாலும் ஜோக்கென்று நினைப்பார்கள். தொழிற்சாலையில் வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போது, தேசிய கீதம் ஒலிக்க, வரிசையின் கடைசியில் நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது போலக் கற்பனை செய்வேன். அந்தக் கற்பனையில் எனக்குத் தொப்பை கிடையாது. காதுகூட நேராக இருக்கும்.

எனக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குரல். உடம்பு முன்வரிசை, குரல் பால்வாடி. தொழிற்சாலை ஒலிபெருக்கியில் நான் அறிவிப்புச் செய்தால், "யாரு அந்தப் புதுப் பொண்ணு?" என்று கேட்பார்கள். முப்பது வீராங்கனைகள் முன்னால் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்குத்தான் நானாவின் குரல் இருந்தது.

நான் நன்றாக நடித்துக் காட்டுவேன். போட்டிக்குப் போகும் பஸ்ஸில் நானா மாதிரி பண்ணிக் காட்டச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள். இரண்டு தடவை தொண்டையைச் செருமுவது, விசிலைப் பல்குச்சி மாதிரி வாயோரத்தில் ஒதுக்குவது, டிராக்‌சூட்டைத் தொப்புளுக்கு மேலே இழுத்துவிட்டு, வலது காலைச் சற்றே இழுத்தபடி நடந்து வந்து, அடிவயிற்றிலிருந்து "லாகி செகாலி" என்று உறுமுவது. இன்னொரு தடவை செய்யுங்கள் என்று அர்த்தம். அவர் பயிற்சி முறை மொத்தமும் அந்த இரண்டு சொல்தான். நானாவே முன் சீட்டிலிருந்து திரும்பி, "தம்பி, என்னை மாதிரி பண்ணு" என்று கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

என் முதல் புதன்கிழமை, விசில் கழுத்தில் ஏறியதும் என் வாயில் வந்தது அந்தக் குரல்தான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். இரண்டாவது தடவை சிரிக்காமலே ஓடினார்கள். அலமாக், இது வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. அதற்கப்புறம் நான் விடவில்லை. அவர் போடும் அதே பயிற்சிகள், அதே வரிசை, தண்ணீர் குடிக்க அதே மூன்று நிமிஷம். ஒரு புதன் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"ஏங்க, கால்ல அடியா?"

"இல்லையே."

"அப்பறம் ஏன் நொண்டுறீங்க?"

குனிந்து பார்த்தேன். நொண்டிக்கொண்டுதான் இருந்தேன். பெருமையாக இருந்தது.

அந்தக் கேப்டன் பொண்ணின் புதன்கிழமைகள் வேறு மாதிரி. பார்க்கவே பாவமாக இருக்கும். நான் பாவப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முன்வரிசைக் கனத்த பெண்களைப் பின்னால் ஓடவிட்டு, ஓட்டக்காரிகளை ஸ்க்ரமுக்கு அனுப்பினாள். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சரிந்தது. இன்னொரு நாள் ஒருத்தி ஏதோ கேட்டதற்கு, "எனக்குத் தெரியல. உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டாள். கோச் சொல்கிற பதிலா இது? மரத்தடியில் நானா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கமும் எழுதினார்.

என் புதன்கிழமைகளில் அவர் எழுதவே மாட்டார். தேதி போடுவார், பேனாவை மூடுவார், தே-ஓவை உறிஞ்சுவார். நான் ஓரக்கண்ணால் கணக்கு வைத்திருந்தேன். அவளுக்கு இரண்டு பக்கம் குறை, எனக்கு ஒன்றுமே இல்லை. மனைவியிடம் சொன்னேன், "திருத்துறதுக்கே ஒன்னும் இல்ல போல." அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பெருமை வேணாங்க, மொதல்ல சொல்லட்டும்" என்றாள்.

இரண்டு வருஷம் முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானா ஃபோன் பண்ணினார். "தம்பி, காஹாங்ல டுரியான் விழுதாம். வர்றியா?"

அந்தப் பெயரைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்துவிட்டது. இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டேன். டுரியான் தின்னப் போகிறவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு அவர் காரைக் கிளப்பினார். வழி முழுக்க இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வழி முழுக்க அவர் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார்.

சாலையோரக் கொட்டகையில் பழத்தைப் பிளந்து வைத்தார்கள். மூன்றாவது சுளை என் வாயில் இருக்கும்போது சொன்னார்.

"அவதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "எந்த அவ?" என்றேன்.

"டேய்."

"சரி, நானா."

கொட்டையைத் துப்பினேன். கொட்டையைத் துப்ப இவ்வளவு நேரம் எடுத்தவன் ஜொகூரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவர் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். "பாரு."

"கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. நீங்களே பெரட்டுங்க."

புரட்டினார். அவளுடைய நாட்களில் இடமில்லாமல் எழுத்து. கேள்விக்குறிகள், அம்புக்குறிகள், ஓரிடத்தில் ஸ்க்ரம் சரிந்த படம்கூட. பக்கத்தில், இதை நான் ஏன் இருபது வருஷமாக யோசிக்கவில்லை என்று எழுதியிருந்தது. என்னுடைய நாட்களில் தேதி. கீழே கோடு போட்ட வெறும் தாள்.

"தப்பே இல்லையா, நானா?"

"தப்பு செய்யிறதுக்கு நீ எங்க இருந்த? அங்க நின்னது நான்லா. எனக்கு நானே மார்க் போட்டுக்கவா?"

நான் சிரித்தேன். பழக்கதோஷம்.

"ரெண்டு வருசம் அந்த மரத்தடியில ஒக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல ஜாலியாத்தான் இருந்துச்சு. அப்பறம் எனக்கே என் மூஞ்சி அலுத்துப்போச்சு. ஒரு நாளாவது நீ வருவேன்னு பாத்தேன். நீ வரவே இல்ல, தம்பி."

"சொல்லியிருக்கலாமே."

"புதன்கெழம எனக்குத்தான் வாய் கெடையாதே."

"மத்த நாள்ல?"

காலி ஓட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "மத்த நாள்ல பஸ்ஸுல நீ நடிச்சியா, நான் சிரிச்சிக்கிட்டு இருந்துட்டேன். அது என் தப்பு."

டுரியான் கையோடு கண்ணைத் துடைக்க முடியாது. அந்தக் கஷ்டம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். நானா காலி ஓட்டில் தண்ணீர் ஊற்றி, என் கைக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். ஓட்டில் ஊற்றிய தண்ணீரில் கழுவினால் வாசம் போய்விடும் என்பார்கள். கழுவினேன். போகவில்லை.

வீட்டில் மனைவி என் முகத்தையும் சட்டையையும் பார்த்தாள். சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "இனிமேலாவது நொண்டாம வாங்க" என்றாள்.

நானா ஓய்வு பெற்று மகள் வீட்டோடு குளுவாங்குக்குப் போய்விட்டார். அவள் தலைமைப் பயிற்சியாளர் ஆனாள். நான் விலகிவிடுவதாகத்தான் இருந்தேன். கடிதம்கூட எழுதினேன், அதிலும் இரண்டு ஜோக் வந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன். மறு வாரம் அவளே திடலில் என்னிடம் வந்தாள்.

"அனே," என்றாள். மலாய் பேசுகிறவர்கள் நாக்கில் அண்ணன் அப்படித்தான் வரும். "புதன்கிழமையை நான் நிறுத்தல. இந்தப் புதன் உங்களுது. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். நானா விட்டுப்போன மடக்கு நாற்காலியை அதே மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். கையில் தே-ஓ இல்லை, மைலோ. மடியில் புது நோட்டு.

நான் திடல் நடுவில் நின்றேன். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். "லாகி செகாலி" என்று அடிவயிற்றிலிருந்து வந்தது.

பழைய பெண்கள் அத்தனை பேரும் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவர்களைப் பார்க்கச் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் தலை தானாகத் திரும்பிவிட்டது. நானும் பார்த்தேன். நான்தான் கத்தினேன், ஆனாலும் பார்த்தேன். நானா அங்கே இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானாவை அவர்கள் கண்டதில்லை. அது என் குரல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குமேல் அந்தக் குரல் வரவில்லை.

"வாங்க, பக்கத்துல வாங்க" என்றேன். மெல்லிசாகக் கீச்சென்றுதான் வந்தது. பின்வரிசையில் ஒருத்தி யார் பேசுகிறார்கள் என்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கத்தினால் கேட்காது என்பதால் எல்லாரையும் கிட்டே வரச் சொல்லி, தோளோடு தோள் ஒட்டிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். நானும் நடுவில் புகுந்துகொண்டேன். தள்ளவேண்டாம், முதலில் பக்கத்தில் இருப்பவள் மூச்சு விடுவதைக் கேளுங்கள் என்றேன். ஸ்க்ரமில் பதினைந்து வருஷம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பக்கத்தில் இருப்பவன் மூச்சை இழுத்து நிறுத்தினால், அடுத்த நொடி தள்ளப்போகிறான் என்று அர்த்தம். இதை யாருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நானாவுக்குத் தெரியாத விஷயம் என்பதால் எனக்கும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று தடவை சரிந்து விழுந்தோம். ஒருத்தி என் நல்ல காதில் முழங்கையால் இடித்தாள். நான்காவது தடவை கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் வானம் இருட்டி, இடி எச்சரிக்கை மணி அடிக்க, எல்லாரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு ஓடினார்கள். என் புதன்கிழமை அரை மணி நேரம் குறைந்துபோனது.

ஓடும்போது மரத்தடியைப் பார்த்தேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நோட்டில் மழைத்துளி விழாமல் முதுகை வளைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய இடம் எனக்கு இன்னும் வேண்டும். தேசிய கீதமும் நிமிர்ந்த நெஞ்சும் அந்த வால்வுகளுக்கு நடுவில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அது கிடைக்காது என்றும் தெரியும். அவளுக்கு வயது இருக்கிறது, எனக்கு மூட்டுவலி இருக்கிறது. மாசாய் சிக்னலில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நின்றபோது, உள்ளே என் சொந்தக் குரலில் ஒரு தடவை "லாகி செகாலி" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மோட்டார்க்காரர் தன்னை ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துத் திரும்பினார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

அடுத்த புதன் புதிதாக வந்திருக்கும் இன்னொரு உதவியாளருடையது. எனக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.