அத்தையின் பன்னிரண்டு அட்டைகள்

என்னை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவர் வேறு யாராவதாக இருந்தால் மறந்து தொலைத்திருப்பேன். அனுப்பியவர் என் சொந்த அத்தை. அதுவும் மூன்று வாரம் என் உயிரை வாங்கிவிட்டு.

அப்போது எனக்கு ஏழு வயது. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை ஆசிரியர் பயிற்சி மாணவி. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவது எப்படி என்று அவருக்குக் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். பயிற்சியின் ஒரு பகுதியாக ஏதாவது ஒரு பள்ளியில் ஒரு தவணை, அதாவது பத்து வாரம், பாடம் நடத்த வேண்டும். ஊரில் இத்தனை பள்ளிகள் இருக்க, அத்தைக்குக் கிடைத்தது என் பள்ளி, என் தமிழ் வகுப்பு. வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர். ஒருநாள் வாய் தவறி வகுப்பில் அத்தை என்று கூப்பிட்டுவிட்டேன். அதற்கு வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

தவணை முடிவில் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வருவார். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, அத்தை பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால் வேலை. வேலை உறுதியானால் கல்யாணம். பிடோக்கில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வேலைக்காகத்தான் காத்திருந்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு நாள் மேல்தான் கண்.

அந்தப் பாடத்துக்காக அத்தை சிராங்கூன் சாலைக் கடையில் மணிலா அட்டை வாங்கிவந்து, வெட்டி, அட்டைக்கு ஒரு சொல்லாகப் பன்னிரண்டு சொற்கள் எழுதினார். படம் கிடையாது, வெறும் சொல்தான். அதற்கு மின்னட்டை என்று பெயர். காட்டிவிட்டுச் சட்டென்று மறைத்துவிட வேண்டும். எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்காமல் பிள்ளை முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கல்லூரியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருந்திருக்காது.

ஒத்திகைக்கு அகப்பட்டவள் நான். சாப்பிடும்போது அட்டை, தலை பின்னும்போது அட்டை. மூன்று வாரத்தில் பன்னிரண்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மைலோ பானம் கொட்டிய அட்டை கப்பல். மூலை மடங்கியது படகு. சம்பல் மிளகாய் எண்ணெய் பட்டது வீடு. அத்தை நகத்தால் கீறிவிட்டது மரம். இது ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் இப்படித்தான் படிக்கிறார்கள், அப்பா செய்தித்தாள் படிப்பதும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

மேற்பார்வையாளர் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தை அதே பன்னிரண்டு சொற்களையும் புது அட்டைகளில் எழுதினார். அழுக்கு அட்டையோடு போய் நிற்க முடியுமா? மை காய்ந்ததும் என்னிடம் காட்டினார். நான் விழித்தேன். அடுத்ததைக் காட்டினார். அதற்கும் விழித்தேன். பன்னிரண்டும் போனபிறகு அத்தை பழைய அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மைலோ கறையை விரலால் தடவினார். என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாளைக்கு இவள வெளிய அனுப்பணும், அண்ணி."

வெளியே அனுப்புவது என்றால் என்னவென்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கு யாராவது பெரியவர்கள் பார்வையிட வந்தால், கடைசி வரிசையில் இருக்கும் நான்கு பேர் தோட்டத்துக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். படிக்க வராத நான்கு பேர். அவர்களில் நானும் ஒருத்தி. மற்ற ஆசிரியர்கள் அனுப்பியபோது போனேன், சரி. அத்தை பாடத்துக்குமா? அந்த அட்டைகளுக்காக நான் எத்தனை நாள் கீழே விளையாடப் போகாமல் இருந்திருக்கிறேன்?

திங்கட்கிழமை காலை அத்தை சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பையிலிருந்த புது அட்டைகளை எடுத்து என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பழையதை உள்ளே வைத்தேன். இந்த அட்டை இருந்தால் நான் படிப்பேன், படித்தால் என்னை அனுப்ப வேண்டியதில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

அனுப்பிவிட்டார். பையைத் திறக்கும் முன்பே, கையில் வைத்திருந்த சீட்டைப் பார்த்து நான்கு பெயரையும் வாசித்தார். என் பெயர் மூன்றாவது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தோட்டம் எங்கள் வகுப்புச் சன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. நான் வாளியும் கையுமாக நின்று எட்டிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் வகுப்பாசிரியர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. இருந்தாலும் முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மைலோ கறை.

"கப்பல்," என்று சன்னலுக்கு வெளியிலிருந்து கத்தினேன். அடுத்ததற்கும் கத்தினேன். அதற்கடுத்ததற்கும்.

மேற்பார்வையாளர் எழுந்து வந்து எங்கள் நால்வரையும் உள்ளே கூப்பிட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"நீ ஏன்மா வெளிய நிக்கிற?"

"எங்களுக்குப் படிக்க வராதாம். அதான் தண்ணி ஊத்த அனுப்பிட்டாங்க."

"யாரு?"

நான் கையை நீட்டினேன். "எங்க அத்தை."

வகுப்பு சிரித்தது. மேற்பார்வையாளர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா அனுப்பினீங்க?"

வகுப்பாசிரியர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான், மேடம்," என்றார் அத்தை.

பிறகு அந்த அம்மா அட்டைகளை வாங்கி என்னிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அட்டைகளைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரும்பலகையில் கப்பல் என்று எழுதி, "இது என்ன?" என்றார். கரும்பலகையில் கறை ஏது? நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். அவர் தன் தாளில் எழுதத் தொடங்கினார்.

அத்தை தேறவில்லை. வேறொரு பள்ளியில் இன்னொரு தவணை நடத்த வேண்டும் என்றார்கள். பிடோக் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என்னைப் பிரம்பால் அடித்தார். அத்தைமேல் எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. என்னை மக்கு என்று வெளியே தள்ளியவருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை பள்ளி விட்டபோது என் தலையைத் தடவி ஒரு மிட்டாய் கொடுத்த ஒரே ஆள் வகுப்பாசிரியர்தான். நான் அதை வீட்டுக்கு வரும்வரை சப்பிக்கொண்டே வந்தேன்.

என் மகள் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த வருடம்தான் அம்மா வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு வாசிச்ச அந்த சீட்டு உங்க அத்தை எழுதுனதில்ல. உங்க வகுப்பு வாத்தியார் வெள்ளிக்கெழமையே எழுதிக் கொடுத்துட்டாரு. பிள்ளைங்க உள்ளயே இருக்கட்டும் சார்னு இவ கேட்டிருக்கா. உன் ரிப்போர்ட்ல பாதி நான் எழுதுறது லா, பாத்து நடந்துக்கன்னாராம்."

"அத்தை ஏன் அத அன்னைக்கே சொல்லல?"

"ஞாயித்துக்கெழமை நீ புது அட்டைய பாத்து முழிச்சதும் இவளுக்கே பயம் வந்துருச்சுடி. அந்தாளு சொல்றதும் சரிதான்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டாளாம். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர மட்டும் சொல்றது?"

எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அத்தைமேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைவிட, அத்தை தேறாமல் போன அந்த வருட ஆசிரியர் தினத்தை நினைத்தால் என்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

வகுப்பில் எல்லாரும் வகுப்பாசிரியருக்கு ஏதாவது எழுதிக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். எழுதத் தெரியாத நான், என்னோடு பேச்சை நிறுத்தி வைத்திருந்த அத்தையிடம்தான் போய் நின்றேன். யாருக்கு என்றும் சொன்னேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அட்டை கிட்டை எதுவும் இல்லை. என் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்து, எழுதவைத்து, அழித்து, மறுபடி எழுதவைத்து, நானே பார்க்காமல் எழுதும்வரை விடவில்லை. எழுத்துக்கூட்டி நான் எழுதிய முதல் சொல் நன்றி. அது அந்த ஆளுக்குத்தான் போயிற்று.

எழுதி முடித்த கர்வத்தில் அத்தையைக் குத்துவதற்காகவே சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல என்கிட்ட நல்லா நடந்துக்கிட்டது சார் மட்டுந்தான்."

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார்.

"கீழ உன் பேர எழுது," என்றார்.