அழித்த புகாரைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணச் சமையல் கம்பெனி. அதன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சமைக்கத் தெரியாது, வாய் மட்டும் நீளம். அந்தத் தகுதியைப் பார்த்து முதலாளி அக்கா கொடுத்த பதவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பாயசம் தீர்ந்துவிட்டது. படம் எடுத்து முடித்துத் தாமதமாக உட்கார்ந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். சம்பந்தி இலையில் பாயசம் விழாவிட்டால் பெண் வீட்டார் காலத்துக்கும் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை, நாங்கள் போட்ட பந்திப் படத்தின் கீழ் பெண்ணின் அக்கா எழுதியிருந்தார்: "சம்பந்தி முன்னால எங்க அப்பா தலை குனிஞ்சாரு. உங்க ஆளுங்க வந்து ஒரு வார்த்தை சொல்லல."

அந்தச் சனிக்கிழமை செபராங் ஜெயாவில் எங்களுக்கு இன்னொரு கல்யாணம். அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா இந்தப் புகாரைப் பார்த்தால் ஆர்டர் போச்சு. உடனே அழித்துவிட்டேன். அது போதாதென்று, விருந்தாளி போல ஒன்று எழுதினேன்: "நானும் போயிருந்தேன். பாயசம் பிரமாதம்!" போனில் கம்பெனிக் கணக்குத் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கம்பெனி பாயசத்துக்குக் கம்பெனியே பாராட்டு.

யாரோ இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள்; மதியத்துக்குள் அழித்த புகாரும் என் பாராட்டும் ஜோடியாக வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போயின. செபராங் ஜெயாக்காரர் முதலாளி அக்காவையே போனில் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்."

அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். "ஏன் தம்பி, சம்பந்திக்கே கிடைக்காத பாயசம் உனக்கு மட்டும் எப்படிக் கிடைச்சிச்சு?"

"அக்கா, பேஜையே மூடிடவா?"

"அதை அப்புறம் மூடலாம். முதல்ல புகார் எழுதின பொண்ணுக்கு போன் போடு லா."

போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அழித்ததை எடுக்க வழி தெரியவில்லை என்றேன். "நீங்களே இன்னொரு தடவை எழுதிடுங்கம்மா."

"என்னண்ணே, திட்டச் சொல்லி நீங்களே கேக்கிறீங்களா?"

"ஆமாம்மா. இந்தத் தடவை அழிக்க மாட்டேன்."

சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர இரக்கம் காட்டவில்லை. "அண்ணன் கேட்டுக்கொண்டதால்" என்று தொடங்கி, முதலில் எழுதியதைவிட மூன்று மடங்கு எழுதினார்.

அதன் கீழ், அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "பாயசம் தீர்ந்தது எங்கள் தவறு. வந்து சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு. புகாரை அழித்ததும் எங்களையே புகழ்ந்துகொண்டதும் எங்கள் ஆள்தான். நாளை சம்பந்தி வீட்டுக்குப் பாயசத்தோடு நேரில் போகிறோம்." 'எங்கள் ஆள்' என்பதைத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மாற்றப் பார்த்தேன். அக்கா போனை வாங்கி, அவரே அனுப்பினார்.

சாயங்காலம் செபராங் ஜெயாக்காரர் கூப்பிட்டார். "படிச்சேன். ஆர்டர் இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பாயசத்தைத் தனியா எடுத்து வச்சிடுங்க. அந்த அண்டாவுக்குக் காவலா உங்க ஃபேஸ்புக் ஆளையே நிறுத்துங்க."

சனிக்கிழமை கடைசிப் பந்தி எழும்வரை நின்றேன். ஒருவர் விடாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பாயசம் வாங்கினார்கள்.