கோட் அலமாரிக்குள் பீர்

என் வீட்டுக்காரருக்கு எதையும் வீட்டிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் பிஸ்கட்டவேக்குக் குடிவந்த புதிதில் தயிர், பிறகு பன்னீர், போன வருஷக் குளிருக்கு முன்னால் பீர். ஆபீஸில் யாரோ கிளப்பிவிட, இருப்பதிலேயே மலிவான கிட் ஒன்றை ஆர்டர் பண்ணினார். பாகு மாதிரி மால்ட் என்கிற முளைகட்டிய பார்லிச் சாறு ஒரு டின், ஈஸ்ட் ஒரு பொட்டலம், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. "சாம்பார் பவுடர் மாதிரிதான். தண்ணியில கலந்து கொதிக்க வச்சு, ஆறினதும் ஈஸ்ட் போட்டுட்டு மறந்துடணும்" என்றார். கொதிக்க வைத்தது என் பிரியாணி அண்டாவில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறந்துவிடலாம் என்றுதான் இருந்தோம். வாளி மூடியில் செருகிய குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அது அடங்கிய பிறகுதான் பாட்டிலில் ஊற்ற வேண்டும் என்று கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. அதற்குள் ஈரோட்டிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வருகிற டிக்கெட் முன்னதாகவே கிடைத்துவிட்டது. என் பெரியப்பாவைக் குடி கொண்டுபோனதிலிருந்து அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. எங்கள் கல்யாணப் பேச்சில் அவர் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் உண்டா என்பதுதான். இல்லவே இல்லை என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. இப்போது சமையல்கட்டில் சாராயம் காய்ச்சுகிறார் என்றா சொல்வேன்?

"வாளியை ஒளிக்க முடியாது, பாட்டிலை ஒளிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். குமிழி அடங்காமலே பாட்டிலில் ஊற்றினார். கேஸ் ஏறுவதற்கு ஒவ்வொரு பாட்டிலிலும் அளந்து போட வேண்டிய சர்க்கரைப் பொட்டலம் எங்கே போனதோ, என் நாட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்துப் பாயசத்துக்குப் போடுவதுபோலக் கண்ணளவில் போட்டார். பதறாத காரியம் சிதறாது என்று நான் சொன்னேன். யார் கேட்டது?

பெட்ரூம் அலமாரிகளை அம்மா வந்ததும் குடைந்து அடுக்குவார். ஆகவே பாட்டில்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, வாசலை ஒட்டிய கோட் அலமாரியில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஹீட்டர்.

அப்பா வந்திறங்கிய அன்றே நடுங்கினார். அவர்களுக்காக ஹீட்டரை ஏற்றினோம். மறுநாள் இன்னும் ஏற்றினோம். நாங்கள் டி-ஷர்ட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்பா மஃப்ளரைக் கழற்றவே இல்லை. சர்க்கரை நோயில் அவருக்கு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையிலிருந்து போனில் பேப்பர் படிப்பார். மத்தியானம் வெயில் இருக்கும்போதே கோட் மாட்டிக்கொண்டு வாக்கிங் போவார். அந்தக் கண்ணை நம்பித்தான் அவருடைய எல்லாமே இருந்தது.

ஒரு மத்தியானம் வாசல் பக்கம் டப்பென்று ஒரு சத்தம்.

"குக்கர் வெடிச்சுருச்சா?" என்று அம்மா எழுந்து வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "மாவு பொங்கிப் புளிச்ச வாசமல்லவா அடிக்குது" என்றார். நான் மாவுப் பாத்திரத்தைத் திறந்து காட்டி அவரைச் சமையல்கட்டிலேயே நிறுத்தினேன். கோட் அலமாரிக் கதவின் அடியில் கார்ப்பெட் நனைந்திருந்தது. பாத்ரூமுக்குள் போய் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் ஏதோ தேடிப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"கதவைத் திறக்காதே. உள்ள ஈஸ்ட் இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கு, கேஸ் போக வழியில்ல. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் போகும். கண்ணாடி முகத்துல அடிக்கும். மாமாவை அந்தப் பக்கம் விடாதே. நான் அடுத்த ட்ரெயின் பிடிக்கிறேன்."

நான் வெளியே வந்தபோது அப்பா வாக்கிங் போக எழுந்துவிட்டார். அவருடைய கோட் அந்த அலமாரிக்குள்தான் தொங்கியது.

"இன்னிக்கு வேண்டாங்கப்பா. வெளிய ஐஸா இருக்குது."

"வெயிலடிக்குது அம்மிணி. சித்த நடந்துட்டு வந்தர்றேன்."

"உள்ள எலி இருக்குதுங்கப்பா. அதான் சத்தம்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி எனக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்பா தறிப்பட்டறைக்காரர். நூல் கட்டுகளுக்குள் எலி அடித்தே பழகியவர். "எலியா? இதைச் சொல்றதுக்கென்ன?" என்று துடைப்பத்தை எடுத்துவந்தார். குனிந்து, முகத்தைக் கதவின் இடுக்கில் வைத்துக் காது கொடுத்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்தார்.

நான் அவர் கையின்மேல் கையை வைத்தேன்.

"எலி இல்லீங்கப்பா. பீர் பாட்டிலுங்க. அவரு வீட்டுலயே காய்ச்சினாரு. அது வெடிக்குது. உங்க கண்ணுல பட்டுருங்கப்பா."

அம்மா சமையல்கட்டு வாசலில் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா கைப்பிடியை விட்டார். அவர் இரண்டு அடி பின்வாங்குவதற்குள் உள்ளே அடுத்தது வெடித்தது. கதவில் சில்லுகள் மோதிய சத்தம் மூவருக்கும் கேட்டது. அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு ஒரு அறை அறைந்திருக்கலாம்.

நான் ஹீட்டரை அணைத்தேன். வீடு மெதுவாகச் சில்லிட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இன்னொன்று வெடித்தது. அம்மா கந்தசஷ்டி முணுமுணுத்தார். எனக்கு அழுகையும் வந்தது, ரயிலில் இருந்தவர்மேல் ஆத்திரமும் வந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கனமான ஜாக்கெட்டும் பனி அள்ளுகிற கையுறையும் மாட்டிக்கொண்டார். பெட்டியை அப்படியே தூக்கிப் பால்கனிக் குளிரில் வைத்துவிட்டால் அடங்கிவிடும் என்றார். அப்போது அப்பா எழுந்துவந்து தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இதைப் போட்டுக்கங்க மாப்ள."

"வேணாங்க மாமா."

"போட்டுக்கங்க."

அந்தப் பவரில் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்து வழி சொன்னேன். கண்ணாடி இல்லாமல் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பால்கனியில் பெட்டியை இறக்கும்போது ஒன்று வெடித்தது. வீட்டுக்காரருக்குத் தாடையில் ஒரு வெட்டு. உள்ளே வந்து அவர் கண்ணாடியைக் கழற்றியபோது பார்த்தேன். வலது வில்லையில் நட்டநடுவே ஒரு சில்லு தெறித்துப் போயிருந்தது.

அப்பா அதைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் தாடைக்கு மஞ்சள் வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீடியோ காலில் வந்தார். "கண்ணாடி என்னாச்சுங்ணா?"

"பாத்ரூம்ல கைதவறி உளுந்துருச்சு" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உடைந்த வில்லை வழியாக என்னைப் பார்த்தார்.

"நீ எலின்னு சொன்னதும் நம்பிட்டேன் அம்மிணி. அதான் கதவு இடுக்குல முகத்தை வச்சேன்."