மேஸ்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த வழி

நோயாளி மகனைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு தகப்பனுக்கு நான் சுற்று வழியை எழுதிக் கொடுத்தேன். நேர் வழி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஆறு ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

ரங்கூனில், சூலே பகோடாவுக்கு இரண்டு தெரு தள்ளி, பிரயாண ஏற்பாடுகள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்தப் புகைவண்டியைப் பிடிக்க வேண்டும், எந்த ஊரில் எந்த வண்டிக்கு மாற வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பது என் வேலை. வழித்தாள் என்போம். அதன்படி டிக்கெட்டுகளை ஒரு சிறு புத்தகமாகத் தைத்துக் கொடுத்துவிடுவோம். தைத்த பிறகு வழியை மாற்ற முடியாது.

இத்தனைக்கும் நான் பிறந்தது இந்த ஊரில். பக்கத்துக் கியாக்தானில் ஆற்றின் நடுவே இருக்கும் கோயிலுக்குப் படகில் போய் வந்ததுதான் என் தூரதேசப் பிரயாணம்! என் வழித்தாளை நம்பி எத்தனையோ பேர் பாரிஸுக்கும் ரோமாபுரிக்கும் போய் வந்தார்கள்.

ஆபீசில் ஒரு கால அட்டவணைப் புத்தகம் உண்டு. ஐரோப்பாக் கண்டத்துப் புகைவண்டிகள் அனைத்தும் அதற்குள் ஓடின. அதை முதன்முதலில் திறந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது! பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி எல்லையில் வந்து நிற்கிறது. பத்து மணி முப்பத்தொரு நிமிஷத்துக்கு வேறொரு தேசத்து வண்டி அதே மேடையிலிருந்து கிளம்புகிறது. இரண்டு தேசத்துக்கும் பாஷை வேறு, ராஜா வேறு, காசு வேறு. சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு செத்தார்கள். ஆனாலும் இந்த வண்டி அந்த வண்டிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதே! மனிதனால் இதெல்லாம் ஆகிற காரியமா என்று வாய் பிளந்து உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் எனக்கென்றே ஒரு பயணத்தை வகுக்கத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். பிரான்சில் இறங்கி, கடலோரமாகவே இத்தாலிக்குள் நுழைந்து, மிலான் போய், அங்கிருந்து வடக்கே மலையடிவாரம் வரை ஒரு வண்டி. அதற்கப்பால்தான் அதிசயம்! நம் ரங்கூன் டிராமைப் போல மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டி, உறைபனி மூடிய மலையுச்சியைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குள் இறங்குகிறதாம். ஓரிடத்தில் அந்தப் பாதை கல் வளைவுகளின் மீது வட்டமடித்துத் தன் பாலத்துக்கு அடியில் தானே நுழைந்து போகிறது! வரைபடத்தில் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து எத்தனை முறை சுற்றியிருப்பேன்...

நான் ஒருபோதும் போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால், பயணம் போகிறவர்களிடம் வழியில் பார்த்த இடத்தின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை எனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்வேன். பலரும் அனுப்பினார்கள். அந்த மலைப் பாதையிலிருந்து மட்டும் ஒன்றும் வந்ததில்லை. அந்த வழியாக யாரும் போனதில்லை.

அப்போதுதான் சோலைமலை மேஸ்திரி வந்தார்.

ரங்கூனின் அலோன் துறைமுகத்தில் இருநூறு கூலிகளை வைத்து வேலை வாங்கிய மனிதர். நல்ல உயரம், தடித்த குரல். ஒரே மகன் கதிரேசன். எடின்பரோவில் வைத்தியம் படிக்கப் போனவனுக்கு நெஞ்சில் நோய் கண்டது. மலைக்காற்று பட்டால் தேறும் என்று சுவிட்சர்லாந்தில் தாவோஸ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். 'தகப்பனார் வந்து பார்ப்பது நல்லது' என்று தந்தி வந்திருந்தது. தந்தியை என் மேசையில் வைத்து, காற்றில் பறந்துவிடும் என்பது போல உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நமக்கு இங்கிலீசு துறைமுகத்துல கத்துக்கிட்டதுதான். தமிழ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா எழுத்துக்கூட்டிப் படிச்சுக்குவேன்."

அதுவரை நான் தமிழில் வழித்தாள் எழுதியதில்லை. ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, அதற்கு நேரே அதே பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளிலும் எழுதினேன். நிலையப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அவ்வளவு அக்கறையோடுதான் எழுதினேன்! அந்த அக்கறையை நினைத்தால்தான் இன்று என் மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

நேர் வழி ஜெனிவா வழி. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் ஞாயிறு காலையில் இறங்கினால் திங்கள் இரவு தாவோஸ். நான் எழுதியதோ என் வழி... என் ஞாயிற்றுக்கிழமை வழி! அதில் போனால் செவ்வாய் இரவு.

ஏன் எழுதினேன்? ஒரு தமிழ் மனிதர் அந்த மலையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, தமிழிலேயே எனக்குச் சொல்வார் என்ற பேராசை. மூன்று வாரத்துக்கு மேல் கடலில் மிதக்கப் போகிறவருக்கு ஒரு நாள் பெரிதா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தேவைப்படும்போது மனம் எப்படியெல்லாம் வக்காலத்து வாங்குகிறது, பாருங்கள்!

டிக்கெட்டுகளைத் தைப்பவர் கோ தான் மவுங் என்ற பர்மியர். 'ஸயா' என்றுதான் என்னை மரியாதையாக அழைப்பார். அவர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஸயா, இந்த மலை வண்டிக்குப் பக்கத்துல ஒரு குறி இருக்குதே. பனிக்காலத்துல நிச்சயமில்லேன்னு கீழ போட்டிருக்கு."

நான் சிரித்தேன். "நம்ம ஊர்ல அஞ்சு மாசம் மழை கொட்டுது. மாந்தலே மெயில் நின்னுபோச்சா? பஞ்சு மாதிரி விழற பனி என்ன பண்ணிடும், கோ தான் மவுங்?"

அவரும் பனியைப் பார்த்ததில்லை. தலையாட்டிவிட்டுத் தைத்தார். பனி என்றால் மழையின் தம்பி என்று நினைத்த இரண்டு ரங்கூன்வாசிகள் ஒரு மனிதரை மலையுச்சிக்கு அனுப்பிவைத்தோம்.

மேஸ்திரி டிக்கெட் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். ஐயோ, அவர் திரும்பாமலே போயிருக்கக் கூடாதா!

"இதைவிடச் சீக்கிரமாப் போற வழி வேற எதுவும் இல்லையே தம்பி?"

"இல்லீங்க ஐயா. இதுதான் வழி."

சொல்லிவிட்டேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

நான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். கப்பலிலிருந்து இறங்கிய மறுநாளே ஆபீசுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளை மலை, அதன் இடுப்பில் அந்தச் சின்ன வண்டி!

"எழுதிப் போடத் தெரியல தம்பி. அதான் கையோட கொண்டாந்தேன்."

பிறகு சொன்னார். செவ்வாய்க்கிழமை மலையுச்சியில் வண்டி நின்றுவிட்டது. பனிப்புயல். வண்டியின் ஜன்னல் வரை மூடிவிட்டதாம். உச்சியில் இருந்த சிறிய நிலையத்துக்கு எல்லோரையும் அழைத்துப்போய் அடுப்பருகே உட்காரவைத்தார்கள். இரண்டு இரவுகள். வியாழக்கிழமை காலையில் வானம் வெளுத்தது.

"வெளிய வந்தேன் தம்பி. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்ல. மண்ணு கண்ணுல படல, மரம் படல. ஒரு சத்தம் இல்ல. எம் மூச்சு எனக்குக் கேக்குது. அடிச்சுப்போட்ட மாதிரி நின்னுட்டேன். இந்த இடத்துல சாமி இல்லேன்னா வேற எங்கயும் இல்லேன்னு தோணுச்சு. எம் புள்ள இதுக்குப் பக்கத்துலதானே இருக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதற்காக அவரை அனுப்பினேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது! ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... நான் மகிழ்ந்தேன். இதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"புதன்கிழமை விடியக்காலையில போயிட்டான் தம்பி. செவ்வாய்க்கிழமை பூரா 'அப்பா வந்தாச்சா, அப்பா வந்தாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தானாம். நர்சம்மா கையைப் பிசைஞ்சு காட்டுச்சு. வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி மண்ணு போட்டேன். அவ்வளவுதான்."

திங்கள் இரவு. ஜெனிவா வழி. செவ்வாய் முழுவதும் மகன் பக்கத்தில் இருந்திருப்பார்... நான் மனத்துக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் மேசையின் குறுக்கே கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"வீட்டுல அவ அழுவுறா. இன்னும் கொஞ்சம் வெரசாப் போயிருக்கலாமேன்னு. நான் சொல்லிட்டேன், அந்தத் தம்பி எழுதினதைவிடச் சீக்கிர வழி இந்த உலகத்துல கெடையாதுடி, நாம குறை வெக்கலேன்னு. அந்த ஒரு நெனப்புலதான் தம்பி சோறு எறங்குது."

இப்போது புரிகிறதா, நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று? அவருடைய சோற்றில் அல்லவா என் பொய் கலந்திருக்கிறது! அதை எப்படிப் பிரித்தெடுப்பேன்? இது கருணையா, கோழைத்தனமா? ஆறு ஆண்டுகளாக என்னையே கேட்கிறேன். கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் என் கால்கள் எதிர்ச் சந்துக்குள் திரும்புகின்றனவே... கருணை இப்படியா ஓடி ஒளியும்?

சென்ற மாதம் அவர் மறுபடியும் ஆபீசுக்கு வந்தார். இம்முறை மனைவியோடு. அந்த அம்மாளை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. சிறிய உருவம்.

"புள்ள இருக்கிற எடத்தை இவ ஒரு தடவை பாக்கணுங்கறா. அதே வழியை எழுதிக் குடுங்க தம்பி. அந்த மலையை இவளும் பாக்கணும். பாத்தாத்தான் மனசு ஆறும்."

அதே வழி! என் நெஞ்சில் இறங்கியது துக்கமல்ல, நிம்மதி. வேறு வழி கேட்டு, நான் ஜெனிவா வழியை எழுத நேர்ந்திருந்தால் நாட்களை எண்ணிப் பார்த்திருப்பார்கள். தப்பித்தோம் என்று மனம் துள்ளியது. இத்தனைக்குப் பிறகும் இப்படி ஒரு மனம் எனக்கு!

மறுபடியும் தமிழில் எழுதினேன். ஊர்ப் பெயர்களுக்கு நேரே பெரிய ஆங்கில எழுத்துகள். நான் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மாள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முதல் முறையாகப் பேசினார்கள்.

"ஏன் தம்பி, அன்னைக்கும் வேற வழி இல்லதானே?"

கணவரைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் தாளை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் இப்போது கடலில் இருக்கிறார்கள். அந்தக் கப்பலில் ஐரோப்பாவைத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மேல்தளத்தில் யாராவது ஒருவர் வரைபடத்தை விரித்து, 'ஜெனிவா வழியாகப் போனால் ஒரு நாள் மிச்சமாகுமே, இவ்வளவு சுற்றுவானேன்?' என்று கேட்டுவிடலாம். இன்று கேட்கலாம். நான் இதை உங்களிடம் சொல்லும் இந்த நிமிஷத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். யாராவது சொல்லிவிடட்டும் என்று ஒரு நாள் வேண்டிக்கொள்கிறேன். யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மறுநாள் வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் திரும்பி வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.